பட்டியலில் ஏறிய கதை

(இயந்திரவியல், 2006–2010 அணி)



மலர்க் குழுச் செயலாளர் போன் செய்து, "கவிதை ஏகத்துக்கு வந்துருச்சு, நீ ஏதாவது சரித்திரமா எழுதிக் குடுப்பா" என்றார். நான் வால்வு செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவன். சரித்திரத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், ஹாஸ்டல் நூலகத்தில் தூங்கிய நாட்களோடு சரி. ஆனாலும் இந்த வருஷம் நம் சங்கம் என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்திருந்தது. பழைய மாணவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எங்கே வேலை, என்ன சம்பளம், மேற்படிப்பு உண்டா என்று கேட்டு ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டும். தேசிய தரவரிசை 2016-ல் வெளிவர ஆரம்பித்ததிலிருந்து எல்லாக் கல்லூரிகளுக்கும் இது ஒரு வருடாந்திரத் திருவிழா ஆகிவிட்டது. அறுபது எழுபது பேரை அழைத்திருப்பேன். பாதிப் பேர், "சம்பளத்தை எதுக்குடா கேக்குற, பொண்ணு பாக்குறியா?" என்றார்கள்.

அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்ததால்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பட்டியலில் ஏறுவதை ஒரு தேசமே சபதமாக எடுத்துக்கொண்டு, ஏறியும் காட்டியிருக்கிறது. அது சீனா. அந்தக் கதையைத்தான் எனக்குத் தெரிந்த வரையில் இங்கே எழுதுகிறேன்.

கதையைப் பணத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நான் தகரக் கொட்டகையிலிருந்து தொடங்குகிறேன். பீக்கிங் பல்கலைக்கழகம் 1898-ல் பிறந்தது. சிங்ஹுவா 1911-ல், பாக்ஸர் கலகத்துக்காகச் சீனா கட்டிய அபராதத்தில் அமெரிக்கா திருப்பித் தந்த பங்கைக் கொண்டு பிறந்தது. 1937-ல் ஜப்பானியப் படை பீஜிங்கைப் பிடித்ததும் இந்த இரண்டும், தியான்ஜின் நகரத்து நான்கையும் சேர்ந்து மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே ஓடின. முதலில் சாங்ஷா. அங்கும் குண்டு விழவே, 1938-ல் தென்மேற்கு மூலையிலுள்ள குன்மிங்குக்குப் புறப்பட்டார்கள். சிலர் ரயிலிலும் கப்பலிலும் வியட்நாம் வழியாகச் சுற்றிப் போனார்கள். சுமார் முந்நூறு மாணவர்களும் ஆசிரியர்களும் நடந்தே போனார்கள். 1,600 கிலோமீட்டர், 68 நாட்கள்!

குன்மிங்கில் மூன்றும் சேர்ந்து 'தென்மேற்கு ஒருங்கிணைந்த பல்கலைக்கழகம்' ஆயின. மண் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் வாத்தியார் பேசுவது காதில் விழாது. பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர், கரும்பலகையில் 'பாடம் நிறுத்தம், மழையை ரசிக்கவும்' என்று எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டதாக ஒரு கதை சொல்வார்கள். பிறகு பணமுடை வந்து, அந்தத் தகரத்தையும் விற்றுவிட்டுக் கூரை வேய்ந்தார்கள். அந்தக் கூரைக்கடியில் படித்த இரண்டு பையன்கள் யாங் சென்-நிங், லீ சுங்-தாவ். 1957-ல் இருவருக்கும் இயற்பியலில் நோபல் பரிசு. அதற்குள் அந்தப் பல்கலைக்கழகமே இல்லை. போர் முடிந்து 1946-ல் கலைத்துவிட்டு, மூன்றும் ஊர் திரும்பிவிட்டன.

1952-ல் இன்னொரு அடி, இம்முறை சொந்த அரசாங்கத்திடமிருந்து. சோவியத் முறையைப் பின்பற்றி, பல்கலைக்கழகங்களைத் துறை துறையாகப் பிரித்துப் பங்கு போட்டார்கள். சிங்ஹுவாவின் அறிவியலும் கலையும் பீக்கிங்குக்குப் போயின. பீக்கிங்கின் பொறியியல் சிங்ஹுவாவுக்கு வந்தது. செஜியாங் பல்கலைக்கழகத்தை நாலாகப் பிய்த்தார்கள். தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும், அதற்கேற்ற கல்லூரி வேண்டும் என்கிற கணக்கு. தேசத்துக்கு எஞ்சினியர்கள் கிடைத்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இயற்பியல் வாத்தியாரும் மெக்கானிக்கல் வாத்தியாரும் ஒரே கேண்டீனில் டீ குடிக்கிற சௌகரியம் போய்விட்டது.

அப்புறம் 1966. கலாசாரப் புரட்சி. நுழைவுத் தேர்வு நின்றது, வகுப்புகள் நின்றன, பேராசிரியர்கள் வயலுக்கும் தொழுவத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். 1970-லிருந்து தொழிலாளர், விவசாயி, போர்வீரர் ஆகியோரிலிருந்து சிபாரிசின்பேரில் ஆள் எடுத்தார்கள். 1973-ல் ஒரு தேர்வு வைத்துப் பார்த்தார்கள். லியாவ்னிங் மாகாணத்தில் சாங் தியேஷெங் என்கிற இளைஞர் இயற்பியல்-வேதியியல் தாளைக் கிட்டத்தட்ட வெறுமையாக வைத்துவிட்டு, பின்பக்கத்தில் 'நான் வயலில் உழைத்தேன், படிக்க நேரமில்லை' என்கிற பொருளில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அவரை வீரன் என்று பத்திரிகைகள் கொண்டாடின. நம் காலத்தில் அரியர் பேப்பரில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டு வந்த நண்பர்கள் இதைப் படித்துப் பொறாமைப்பட வேண்டாம். அந்தப் பத்தாண்டுகளில் ஒரு தலைமுறைக்கே படிப்பு போயிற்று.

1977 ஆகஸ்டில் டெங் சியோபிங் விஞ்ஞானிகளையும் ஆசிரியர்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தினார். வூஹான் பல்கலைக்கழகத்து வேதியியல் ஆசிரியர் சா சுவான்சிங் எழுந்து, சிபாரிசு முறையை ஒழித்துத் தேர்வைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். டெங் அந்த வருஷமே வைக்கலாம் என்று முடிவெடுத்தார். கேள்வித்தாள் அச்சடிக்கக் காகிதம் போதவில்லை. மாவோவின் தேர்ந்தெடுத்த படைப்புகள் ஐந்தாம் தொகுதிக்காக ஒதுக்கி வைத்திருந்த காகிதத்தை எடுத்து அச்சடித்தார்கள். இந்த ஒரு வரிச் செய்தியில் அந்த நாட்டின் சரித்திரமே திரும்பியதாக எனக்குப் படுகிறது. 1977 டிசம்பரில் 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. அண்ணனும் தம்பியும், வாத்தியாரும் மாணவனும் ஒரே ஹாலில் உட்கார்ந்து எழுதிய தேர்வு அது.

இத்தனையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. 'சீனா இருபது வருஷத்தில் ஏறிவிட்டது' என்று நம்மவர்கள் சுலபமாகச் சொல்கிறார்கள். ஏறியது இருபது வருஷம்தான். ஆனால் ஏறுவதற்குக் கால் ஊன்றிய இடம், அந்தக் கூரைக் கொட்டகையும் அந்த 1977 தேர்வும்.

இனி பணத்துக்கு வருவோம். 1995-ல் '211 திட்டம்' வந்தது. 21-ஆம் நூற்றாண்டுக்கு 100 பல்கலைக்கழகம் என்பதன் சுருக்கம் அது. 1998 மே 4 அன்று பீக்கிங் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு விழாவில் அதிபர் ஜியாங் ஜெமின், உலகத் தரமான பல்கலைக்கழகங்கள் சில நமக்கு வேண்டும் என்று பேசினார். 98-ஆம் வருஷம் 5-ஆம் மாசம் என்பதால் அதற்குப் பிறந்த திட்டத்துக்குப் பெயர் '985'. பீக்கிங்குக்கும் சிங்ஹுவாவுக்கும் மூன்று வருஷத்துக்குத் தலா 180 கோடி யுவான். பின்னால் இந்தத் திட்டத்தில் 39 பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. 1952-ல் பிய்த்த செஜியாங்கை 1998-லேயே திரும்ப ஒட்டினார்கள். பழைய நாலு துண்டும் சேர்ந்து ஒரே பல்கலைக்கழகம். 1999-லிருந்து மாணவர் சேர்க்கையையும் திறந்துவிட்டார்கள். 1998-ல் சுமார் 10 லட்சமாக இருந்த புதுச் சேர்க்கை, அடுத்த வருஷமே 16 லட்சம் ஆயிற்று.

பணம் கொடுத்தாயிற்று. உலகத் தரம் வந்துவிட்டதா என்று எப்படி அளப்பது? இங்கேதான் நம் ஆள் ஒருவர் வருகிறார். நம் ஆள் என்றால் டெக்னிக்கல் ஆள். லியூ நியான்சாய், பாலிமர் வேதியியலில் கனடாவில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஷாங்காய் ஜியாவ் தொங் பல்கலைக்கழகப் பேராசிரியர். 'உலகத் தரத்துக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்?' என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்காகத் தயாரித்த கணக்கை 2003 ஜூனில் வெளியிட்டார். உலகத்தையே ஆட்டிவைத்த ஷாங்காய் பட்டியல் அதுதான். மற்றவர்களைத் தரம் பிரிப்பதற்கல்ல, தன்னை அளந்துகொள்ளச் செய்த அளவுகோல் அது என்பது குறிப்பிடத்தக்கது.

அளவுகோலின் உள்ளே என்ன இருக்கிறது என்று எஞ்சினியர் புத்தி பார்க்கத்தானே செய்யும். நோபல், ஃபீல்ட்ஸ் பரிசு வாங்கிய பழைய மாணவர்களுக்கு 10 சதவீதம். அத்தகைய ஆசிரியர்களுக்கு 20. அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களுக்கு 20. 'நேச்சர்', 'சயின்ஸ்' இரண்டு பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளுக்கு 20. மொத்தக் கட்டுரை எண்ணிக்கைக்கு 20. இவற்றையெல்லாம் ஆசிரியர் தலைக்கு வகுத்தால் வருவதற்கு 10. அவ்வளவுதான். வகுப்பறை இல்லை, பாடம் நடத்துவது இல்லை, மாணவன் என்ன ஆனான் என்பது இல்லை (நோபல் வாங்கினால் ஒழிய). கணக்கு நாணயமானதுதான், எவரும் சரிபார்க்கலாம். ஆனால் மைக்ரோமீட்டரால் தண்டின் விட்டத்தை அளக்கலாம், இரும்பு நல்ல இரும்பா என்று அது சொல்லாதே!

2003 பட்டியலின் முதல் 200-ல் சீன நிலப்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. 2025 பட்டியலில் சிங்ஹுவா 18, பீக்கிங் 23, செஜியாங் 24.

எப்படி ஏறினார்கள்? நோபல் சீக்கிரம் வராது என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே ஆளையும் கட்டுரையையும் பிடித்தார்கள். வெளிநாட்டில் இருந்த தங்கள் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் துறையின் டூரிங் விருது பெற்ற ஆண்ட்ரூ யாவ், 2004-ல் பிரின்ஸ்டனை விட்டு சிங்ஹுவாவுக்கு வந்து, பட்டப்படிப்புப் பையன்களுக்கென்றே ஒரு சிறப்பு வகுப்பு தொடங்கினார். ஷி யிகோங் 2008-ல், ஒரு கோடி டாலர் ஆராய்ச்சி நிதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே பிரின்ஸ்டனிலிருந்து வந்தார். யாங் சென்-நிங்கே 2003-ல் சிங்ஹுவா வளாகத்துக்குக் குடி வந்து, முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தினார். எண்பது வயதைத் தாண்டிய நோபல் அறிஞர், முதலாண்டு வகுப்பில்! 2025 அக்டோபரில் 103 வயதில் அவர் காலமானார்.

இது கதையின் வெளிச்சப் பக்கம். மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் எழுதியதில் பிரயோஜனமில்லை.

1990 வாக்கில் நான்ஜிங் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையில் சர்வதேசப் பத்திரிகையில் கட்டுரை போட்டால் கொஞ்சம் டாலர் பரிசு என்று ஆரம்பித்தார்கள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2016-ல் 'நேச்சர்' அல்லது 'சயின்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரைக்குச் சீனப் பல்கலைக்கழகங்கள் கொடுத்த சராசரிப் பரிசு சுமார் 44 ஆயிரம் டாலர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. இன்னொரு பக்கம் இளம் ஆசிரியர்களுக்கு ஒப்பந்தம்: ஆறு வருஷத்துக்குள் பதவி உயர்வுக்குத் தேவையான கட்டுரைகளைப் போடு, இல்லாவிட்டால் வெளியே போ.

முன்னால் கேரட், பின்னால் பிரம்பு. விளைவு என்ன ஆகும்? ஷாங்காய் பட்டியல் பிறந்த அதே 2003-ல், அதே ஜியாவ் தொங் பல்கலைக்கழகத்தில் சென் ஜின் என்கிற பேராசிரியர் 'ஹான்சின்' என்று ஒரு சிப்பை வெளியிட்டு, முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு என்றார். கோடிக்கணக்கில் நிதி குவிந்தது. மோட்டரோலா சிப்பின் மேலிருந்த பெயரைச் சுரண்டிவிட்டுத் தங்கள் பெயரை அச்சிட்டார்கள் என்று புகார் கிளம்பியது. விசாரணையில் மோசடி உறுதியாகி, 2006 மே மாதம் அவரைப் பதவி நீக்கினார்கள். நம் ஊர்ச் சந்தையில் பேரிங்கில் பெரிய கம்பெனி பெயரைக் குத்தி விற்பவன் உண்டு. பெரிய கம்பெனியின் பெயரைச் சுரண்டி எடுத்தவர் இவர் ஒருவர்தான்.

கட்டுரைத் தொழிற்சாலைகளும் முளைத்தன. காசு கொடுத்தால் கட்டுரை, கூடுதல் காசுக்கு முதல் பெயர். 2023-ல் உலகம் முழுதும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஹிந்தாவி என்கிற ஒரே பதிப்பகத்தில் 8,000-க்கு மேல், அவற்றில் பெரும்பகுதி சீன ஆசிரியர்களுடையது. 2023 நவம்பரில் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்குக் கணக்குக் காட்டச் சொன்னது.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீனாக்காரனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 2010-ல் படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் நான் ஒரு கல்லூரியில் (நம் கல்லூரி அல்ல, பெயரும் வேண்டாம்) லெக்சரராக இருந்தது பலருக்குத் தெரியும். அங்கே ஒரு நாள் துறைத்தலைவர் கூப்பிட்டு, "பேப்பர் கவுண்ட் பத்தல தம்பி, உங்க பேரையும் போட்டிருக்கேன்" என்றார். அலுமினியக் கலவையின் தேய்மானம் பற்றிய கட்டுரை. நான் ஒரு மாதிரியைக்கூடக் கையில் எடுத்ததில்லை. சரி சார் என்றேன். நாலாவது பெயராக இன்றைக்கும் அது இணையத்தில் இருக்கிறது. நாலைந்து பேர் அதை மேற்கோளும் காட்டியிருக்கிறார்கள், பாவம்.

2018-க்குப் பிறகு சீன அரசே விழித்துக்கொண்டது. கட்டுரை எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்து ஆளை எடைபோடாதே, கட்டுரைக்குக் காசு கொடுக்காதே என்று 2020 பிப்ரவரியில் உத்தரவு போட்டார்கள். 2022-ல் நான்ஜிங், ரென்மின், லான்ஜோ ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் சர்வதேசத் தரவரிசைகளில் இனிக் கலந்துகொள்ளப்போவதில்லை என்று விலகின. பரிசுப் பணத்தை முதலில் தொடங்கிய அதே நான்ஜிங்! ஆனால் அதற்காக ஏற்றம் நிற்கவில்லை. தேர்ந்தெடுத்த தரமான அறிவியல் பத்திரிகைகளை மட்டும் கணக்கில் எடுக்கும் 'நேச்சர் இண்டெக்ஸ்' 2025-ல், முதல் பத்து நிறுவனங்களில் எட்டு சீன நிறுவனங்கள். காசு வாங்கி எழுதிய கட்டுரையால் மட்டும் இது வராது. போலியும் அசலும் ஒரே தண்ணீரில் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. இதில் எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது.

ராக்கெட் விஞ்ஞானி சியான் ஷ்யூசென் 2005-ல், தன் 93-ஆவது வயதில், பார்க்க வந்த பிரதமரிடம், நம் பள்ளிகள் ஏன் பெரிய மேதைகளை உருவாக்கவில்லை என்று கேட்டார். அந்நாட்டில் அதற்கு 'சியான் ஷ்யூசென் கேள்வி' என்றே பெயர். 2015-ல் மலேரியா மருந்துக்காக நோபல் வாங்கிய டூ யூயூ அம்மையார், 1955-ல் பட்டம் பெற்றவர். டாக்டர் பட்டமும் கிடையாது, வெளிநாட்டுப் படிப்பும் கிடையாது.

2019-ல் கம்பெனி வேலையாக நிங்போவுக்கு இரண்டு வாரம் போயிருந்தேன், வார்ப்பட அச்சு விஷயமாக. அங்கே என்னோடு இருந்த எஞ்சினியருக்கு என் வயசுதான் இருக்கும். போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பேசுவோம். கெட்டிக்காரர். அச்சில் எங்கே காற்று அடைக்கும் என்று வரைபடத்தைப் பார்த்தே விரல் வைப்பார். எந்தக் காலேஜ் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. போனில் தட்டிக் காட்டினார்: 'ஷுவாங் ஃபெய்'. இரட்டை இல்லை. அதாவது 985-ம் இல்லை, 211-ம் இல்லை. பெரிய கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டால் முதல் சலிப்பிலேயே கழிந்துவிடும் என்றார். அப்படிக் கழிக்கக் கூடாதென்று அரசாங்கம் அறிவுறுத்தியும், நடப்பது நடக்கத்தான் செய்கிறதாம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சீனாவில் சுமார் 3,000 உயர்கல்வி நிலையங்கள். 985-க்கும் 211-க்கும் பதிலாக வந்த 'இரட்டை முதல்தரம்' திட்டத்தின் 2022 பட்டியலில் 147. மிச்சமுள்ள இத்தனை ஆயிரத்தில் படிக்கிறவன்தான் அதிகம், அச்சு செய்கிறவன், பாலம் கட்டுகிறவன், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவன் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறான். பட்டியல் போடுகிற அன்றே, பட்டியலில் இல்லாதவனுக்கும் ஒரு பெயர் வைத்தாகிவிடுகிறது. நம் கல்லூரிப் பெயரைச் சொன்னதும், "அது எங்க இருக்கு?" என்று கேட்ட இண்டர்வியூக்காரரை நம்மில் பார்க்காதவர் யார்?

தொடங்கின இடத்துக்கே வருகிறேன். 1946-ல் மூன்று பல்கலைக்கழகங்களும் வடக்கே திரும்பியபோது, ஆசிரியர் பயிற்சிப் பிரிவை மட்டும் குன்மிங்கிலேயே விட்டுவிட்டுப் போனார்கள், அடைக்கலம் கொடுத்த ஊருக்கு நன்றியாக. அது இன்று யுன்னான் ஆசிரியர் பல்கலைக்கழகம். பழைய வகுப்பறை ஒன்றை அங்கே இன்னமும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 985 அல்ல, 211-ம் அல்ல.

படிவத்தை இன்னும் தராதவர்கள், சந்திப்பு அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் தரவும். மெக்கானிக்கல் பட்டறை வாசலில், பழைய லேத் பக்கம் நிற்பேன். சம்பளத்தைக் கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். சொந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்தும் நம் வகுப்புத் தோழன், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தான். உள்ளதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.